டோக்கியோ வாடகை வீடும் மலையூர்க் காலி வீடும்

புது வீட்டில் முதல் இரவு விளக்கே இல்லாமல் கழிந்தது. ஜப்பானில் வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் கூரை விளக்கையும் கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. கூரை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி மட்டும் இருந்தது. ஜன்னலில் திரைக்கம்பி இருந்தது, திரை இல்லை. அடுப்பு வைக்க மேடை இருந்தது, அடுப்பு இல்லை. எரிவாயுவைத் திறந்துவிட ஆள் மறுநாள் காலைதான் வருவார். அவர் வரும்போது வீட்டில் யாராவது இருந்தே ஆகவேண்டும். பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும் என்று மனைவி வாங்கி வைத்திருந்த பாலை, செல்போன் வெளிச்சத்தில் ரைஸ் குக்கரில் ஊற்றிக் காய்ச்சினோம்.

அது எங்களுடைய முதல் வீடு. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகளில் இன்னும் மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் அம்மா போனில் கேட்பார்: "ஏம்ப்பா, பூனை குட்டியத் தூக்கிக்கிட்டு ஏழு வீடு மாறுற மாதிரி அலையுறீங்க? ஒரு எடத்துல இருக்கக் கூடாதா?"

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எல்லாக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி உண்டு. இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு ஆசையும் ஓடிக்கொண்டிருக்கிறது. நகரத்து வாடகையை விட்டுத் தொலைத்து, மலையடிவாரத்தில் ஒரு பழைய மரவீட்டை வாங்கி, தோட்டம் போட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற ஆசை. ஜப்பானில் அந்த வீடு ஒரு பழைய காரின் விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தால் ஆசை வேகமாக வளர்கிறது. இரண்டுக்கும் உண்மையில் என்ன செலவாகும், எது எப்போது சரிவரும் என்பதை எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். கணக்கு ஜப்பானுடையது. மற்ற நாட்டில் இருப்பவர்களும் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி போட்டுப் பார்க்கலாம்.

2024 முடிவில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம் பேர். அதில் இந்தியர் 50 ஆயிரத்துக்கும் மேல். டோக்கியோவின் எதோகவா வட்டாரத்தில் நிஷிகசாய் என்ற ரயில் நிலையத்தைச் சுற்றி நம்மவர்கள் திரண்டிருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களிலிருந்து அந்தக் கூட்டம் தொடங்கியது. அங்கிருந்து வங்கி அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்கு ரயில் மாறாமல் போகலாம். அதே சுற்றுவட்டாரத்தில் இந்தியப் பள்ளிகளும் வந்துவிட்டன. ஆனாலும் அங்கே பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் இந்தியக் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலுக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு யாரும் விமானம் ஏறி வருவதில்லை. அங்குள்ள ஏற்பாடுகள் அப்படி இருக்கின்றன.

முதல் காரணம் விசா. பொறியாளருக்குத் தரும் வசிப்பு அனுமதி பெரும்பாலும் 1, 3 அல்லது 5 ஆண்டுக்குத்தான். ஒரு வருட அனுமதியைக் கையில் வைத்திருப்பவர் நல்ல மெத்தை வாங்கக்கூட யோசிப்பார். அடுத்த காரணம் வாடகை ஒப்பந்தம். வழக்கமான ஒப்பந்தம் 2 ஆண்டுக்குப் போடுவார்கள். அது முடியும்போது டோக்கியோப் பக்கத்தில் புதுப்பிப்புக் கட்டணம் என்று ஒரு மாத வாடகையைக் கேட்பார்கள். இன்னும் இரண்டு வருடம் இருப்பதற்கு எதற்காகத் தண்டம் கட்ட வேண்டும் என்று நமக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலிலேயே வேறு வீடு பார்க்கத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் ஒருமுறை மாறினேன். அது தவறான கணக்கு என்று பின்னால்தான் புரிந்தது.

மாத வாடகை 1 லட்சம் யென் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிபோகும்போது ஷிக்கிகின் என்ற முன்பணம் ஒரு மாதம். ரெய்கின் என்று வீட்டுக்காரருக்கு ஒரு மாதம். இது திரும்பி வராத அன்பளிப்பு. தரகர் கமிஷன் சட்டப்படி அதிகபட்சம் ஒரு மாத வாடகையும் வரியும். முதல் மாத வாடகையை முன்னாலேயே கட்டவேண்டும். ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை. அதற்கு மேல் தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, சாமான் ஏற்றும் லாரி. எல்லாம் சேர்த்து 5 லட்சம் யென் எளிதாகக் கரைந்துவிடும். அதே வீட்டில் இருந்திருந்தால் புதுப்பிப்புக் கட்டணம் 1 லட்சம்தான். வித்தியாசம் 4 லட்சம். புது வீட்டில் மாதம் 10,000 யென் குறைவு என்றாலும் அந்த 4 லட்சத்தை மீட்க 40 மாதம் ஆகும். ஒப்பந்தமோ 24 மாதம். அலுவலகம் மாறியது, பிள்ளை பிறந்தது, பெற்றோர் வந்து தங்கப்போகிறார்கள் என்று காரணம் இருந்தால் மாறுங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தின் மேல் உள்ள கோபத்துக்காக மட்டும் மாறாதீர்கள்.

இதிலிருந்து தப்ப ஒரு நேர்வழி உண்டு. நம் ஊர் வீட்டு வசதி வாரியம் போல அங்கே யூஆர் என்று ஒரு பொது அமைப்பு நாடு முழுக்க வாடகைக் குடியிருப்புகள் வைத்திருக்கிறது. அங்கே ரெய்கின் இல்லை, கமிஷன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஜாமீன்தாரரும் வேண்டாம். வருமானமும் வசிப்பு அனுமதியும் விதிப்படி இருந்தால் போதும், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. நிஷிகசாயைச் சுற்றி இந்தியர்கள் சேர்ந்ததற்கு இந்தக் குடியிருப்புகளும் ஒரு காரணம். கட்டடங்கள் பழசாக இருக்கலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை என்பது அங்கே சிறிய விஷயமில்லை. ஜப்பானின் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். பத்தில் நான்கு பேர். தரகர் நம் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்று சொல்லிக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தை அனுபவித்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். இதனால்தான் பலர் பிடித்த வீட்டுக்குப் போகாமல் கிடைத்த வீட்டுக்குப் போகிறார்கள். பிடிக்காத வீட்டில் நாள் ஓடாது; சீக்கிரமே மறுபடி மாறுகிறார்கள்.

காலி செய்யும்போது வேறு வகைச் செலவுகள். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி ஆகியவற்றைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் ஒப்படைக்க வேண்டும். சோபா, கட்டில் போன்ற பெரிய சாமானுக்கு உள்ளாட்சியிடம் நாள் குறித்து, கடையில் ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில் வெளியே வைக்கவேண்டும். ஏப்ரல் 1-இல் அலுவலக ஆண்டும் பள்ளி ஆண்டும் சேர்ந்து தொடங்குவதால் மார்ச் மாதத்தில் லாரிக்கும் ஆளுக்கும் கிராக்கி, விலையும் ஏறும். டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. பழைய மைக்ரோவேவ் அடுப்பை அங்கிருந்து இங்கே தூக்கிவருமுன் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மூன்று வருடம் இருந்த ஒரு வீட்டை நாங்கள் காலி செய்தபோது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தாளிப்புத் தெறித்து மஞ்சள் கறை படிந்திருந்தது. அதைச் சாக்காக வைத்து மூன்று அறைக்கும் புதுச் சுவர்த்தாள் ஒட்டும் செலவு முழுவதையும் நிர்வாக நிறுவனம் எங்கள் தலையில் எழுதி அனுப்பியது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடியிருந்ததால் இயல்பாக வரும் தேய்மானம் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று 2020 ஏப்ரலில் திருத்திய குடிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நம் கவனக்குறைவால் வந்த கறை என்றாலும், நிலம் மற்றும் போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டி நெறிப்படி சுவர்த்தாளின் ஆயுள் 6 ஆண்டு. மூன்று வருடம் ஆன தாளுக்குப் பாதி மதிப்புத்தான். அதுவும் கறைபட்ட பகுதிக்கு. நான் அந்த வழிகாட்டியின் பக்கத்தை அச்செடுத்து, கறை இருந்த சுவரின் அளவையும் குறித்து, பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். பத்து நாளில் புதுக் கணக்கு வந்தது, முன்பணத்தில் பெரும்பகுதியும் வந்தது. குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்தால் இந்தக் கடிதம் எழுதுவது இன்னும் சுலபம்.

விதி ஒன்றை மறக்கவே கூடாது. புது முகவரிக்குப் போன 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் பதிந்து, வசிப்பு அட்டையின் பின்புறம் புது முகவரியை எழுதி வாங்கவேண்டும். பழைய முகவரியை விட்டு 90 நாளாகியும் புதியதைத் தகுந்த காரணமின்றிச் சொல்லாவிட்டால் வசிப்பு அனுமதியையே பறிக்க இடமுண்டு. சாமான் பிரிக்கும் அலுப்பில் தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது.

இத்தனை முறை மூட்டை கட்டியவருக்குக் கிராமத்துக் காலி வீடு சொர்க்கமாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த வீட்டுக்கு ஜப்பானிய மொழியில் அக்கியா என்று பெயர். 2023-இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் ஜப்பான் முழுக்க 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. ஷிகோகு தீவிலுள்ள தொகுஷிமா போன்ற மாகாணத்தில் ஐந்து வீட்டுக்கு ஒன்று காலி. பிள்ளைகள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள், பெற்றோர் இறந்துவிட்டார்கள், வீடு மட்டும் நிற்கிறது. ஏன் இடிக்கவில்லை? குடியிருப்பு நிற்கும் மனைக்கு, முதல் 200 சதுர மீட்டர் வரை, சொத்துவரிக் கணக்கில் மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். இடித்தால் இடிப்புச் செலவும் போகும், வரியும் ஏறும். 2023-இல் திருத்திய சட்டப்படி, பராமரிக்காமல் விட்டு எச்சரிக்கை பெற்ற வீட்டுக்கு இந்தச் சலுகையை நிறுத்தலாம். அதனால் கைகழுவ நினைக்கும் சொந்தக்காரர்கள் கூடிவருகிறார்கள்.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வீடு என்றால் நாளாக ஆக விலை ஏறும் சொத்து. அங்கே மரவீட்டின் ஆயுளை வரிக்கணக்கில் 22 ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய வீட்டுக்குச் சந்தையில் பெரும்பாலும் மதிப்பே இல்லை, மனைக்குத்தான் விலை. ஆள் குறையும் ஊரில் அந்த மனைக்கும் விலை இல்லை. ஊராட்சிகள் நடத்தும் காலிவீட்டுப் பட்டியலில் சில லட்சம் யென்னுக்கு வீடு இருப்பது இதனால்தான். மலிவாக வாங்கிய வீட்டை நாளைக்கு விற்கப் போனாலும் அதே மலிவு விலைதான், அதுவும் ஆள் கிடைத்தால்.

வெளிநாட்டவர் ஜப்பானில் வீடும் மனையும் தாராளமாக வாங்கலாம். விசா எதுவாக இருந்தாலும் தடையில்லை. ஆனால் வீடு வாங்கியதால் விசா கிடைக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்கவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வீடு வாங்கியவர் அந்த விசா முடிந்ததும் தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். அதை விடுதியாக்கித் தொழில் விசா எடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2025 அக்டோபரில் வழி குறுகிவிட்டது. தொழில் விசாவுக்குத் தேவையான முதலீடு 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்துவிட்டது. நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவிதி 10 ஆண்டு. உயர்திறன் பணியாளருக்கான அரசின் புள்ளிமுறையில் 70 புள்ளி இருந்தால் 3 ஆண்டு, 80 இருந்தால் 1 ஆண்டு. நிரந்தர வசிப்புரிமை கையில் இல்லாதவருக்குப் பெரும்பாலான வங்கிகள் வீட்டுக் கடன் தருவதில்லை. டோக்கியோவை விட்டுக் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை, குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரையும் பிள்ளைக்குத் தனியாகவும் உண்டு. அதுவும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர், ஜப்பானியரை மணந்தவர் போன்ற சில வகையினருக்குத்தான். பொறியாளர் விசாக்காரருக்கு இல்லை. உதவித்தொகை வாங்கியவர் மூன்று ஆண்டுக்குள் அந்த ஊரை விட்டுப்போனால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும்.

கிராமத்தில் வேரூன்றிய வெளிநாட்டவர் இல்லாமல் இல்லை. வேல்ஸ் நாட்டில் பிறந்த சி. டபிள்யூ. நிக்கல் 1962-இல் கராத்தே கற்க ஜப்பான் வந்தவர். பல நாடு சுற்றிவிட்டு 1980-இல் நாகானோ மாகாணத்தின் குரோஹிமே மலையடியில் குடியேறினார். சீரழிந்து கிடந்த காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மீண்டும் உயிர்ப்பித்து, அதை ஓர் அறக்கட்டளையாக்கினார். 1995-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 2020-இல் இறக்கும்வரை அந்த ஊர்தான் அவர் ஊர். அவர் வாங்கியது வீட்டை மட்டுமல்ல, அந்த ஊருக்குச் செய்யவேண்டிய ஒரு வேலையையும் சேர்த்துத்தான்.

அமெரிக்கரான அலெக்ஸ் கெர்ரின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. மாணவராக இருந்தபோது 1973-இல் தொகுஷிமாவின் ஈயா பள்ளத்தாக்கில் ஆளில்லாத ஒரு கூரைவீட்டை வாங்கிச் சீயோரி என்று பெயர் வைத்தார். புல்லாங்குழல் குடில் என்று பொருள். அது பின்னாளில் ஊரையே மீட்கும் முயற்சிக்கு மையமானது. ஆனால் அவர் பல பத்தாண்டுகள் அன்றாடம் வாழ்ந்தது அங்கே இல்லை. 1977 முதல் கியோட்டோவுக்கு அருகே கமேயோகாவில், ஒரு சிறிய கோயில் வளாகத்து வீட்டில், வாடகைக்கு. பத்திரம் ஒரு ஊரில், வாழ்க்கை இன்னொரு ஊரில். வேர் பிடிக்கச் சொந்த வீடு கட்டாயமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெயர்பெற்றவர்களை விடுங்கள். என் ஈரோட்டு நண்பர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் நாகானோ மலையூரில் ஒரு பழைய வீடு வாங்கினார். பிப்ரவரி மாதம் இரண்டு நாள் போய்த் தங்கினேன். வாசலில் இடுப்புயரப் பனி. 18 லிட்டர் பிடிக்கும் சிவப்புக் கேன்கள் ஆறு, வரிசையாக, மண்ணெண்ணெய் நிரப்பி. இரவு படுக்கப்போகுமுன் அவர் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு திருகைத் திருப்பி, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, குழாயில் நின்ற தண்ணீரை வடித்தார். மறந்தால் விடிவதற்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடுமாம். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் மறந்திருக்கிறார். சமையலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடவேண்டி வந்தது.

வீட்டின் நடு அறையில் பழைய சொந்தக்காரரின் புத்சுதான் இருந்தது. முன்னோர் பெயர்ப் பலகைகள் வைக்கும் பூஜை அலமாரி. வெறும் அலமாரிதான், பலகைகளை மகள் எடுத்துப்போய்விட்டார். இருந்தாலும் ஆகஸ்டில் ஒபோன் நாளில், நம் மகாளய அமாவாசை போல முன்னோரை வரவேற்கும் நாளில், அந்த அம்மாள் கல்லறைக்கு வந்துவிட்டு இந்த வீட்டு வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போவாராம். நண்பரின் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுக்கிறார். இத்தனை வீடு காலியாக இருந்தும் வாடகைக்கோ விலைக்கோ கிடைப்பவை குறைவாக இருப்பதற்கு அந்த அலமாரியும் ஒரு காரணம். முன்னோர் திரும்பிவரும் வீட்டை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். கைரன்பான் என்ற சுற்றறிக்கை. எந்த நாள் குப்பை, எந்த ஞாயிறு வாய்க்கால் தூர்வாருவது, யார் வீட்டில் துக்கம், எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதை நடத்துவது ஜிச்சிகாய் என்ற ஊர்ச்சங்கம். நம் கிராமத்துத் தலைக்கட்டு வரி போல வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் உண்டு. அதைவிட முக்கியம் உடலுழைப்பு. சாலையோரப் புல் அறுப்பது, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுவது, குப்பைக் கூண்டைக் கழுவுவது, தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் சேர்வது. சட்டப்படி சங்கத்தில் சேரவேண்டிய கட்டாயம் இல்லை. சேராதவர் குப்பையை எங்கே போடுவது என்பதில் தொடங்கிப் பலதும் சிக்கலாகும்.

"தம்பி, வூடு வாங்கறது ஒரு வேலையே இல்லைங்க. ஊருக்குள்ள ஒருத்தனா நிக்கறதுக்குத்தான் எனக்கு மூணு வருசமாச்சு," என்றார் நண்பர். எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். "புல்லறுக்கப் போனேன். ஒரு ஞாயித்துக்கெழமகூட விடலை."

அவர் குடும்பம் அங்கே நிலைத்ததற்கு இன்னொரு காரணத்தையும் பார்த்தேன். அவருடைய மகள் உள்ளூர் அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் பதினோரு பிள்ளைகள். அவள் தோழிகளுடன் பேசுவது அந்த ஊர் வட்டார ஜப்பானிய மொழி. டோக்கியோவில் இந்தியப் பள்ளியில் படிக்கும் என் பையனுக்கு எந்த நேரமும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ மாற வழி இருக்கிறது. அதற்காகத்தான் அந்தப் பள்ளியில் சேர்த்தோம். ஆக, நாங்கள் நகர்வதற்குத் தயாராக வளர்க்கிறோம், அவர்கள் இருப்பதற்காக வளர்க்கிறார்கள். குடும்பம் ஊன்றுமா நகருமா என்பதை வீட்டுப் பத்திரத்தைவிடப் பிள்ளையின் பள்ளிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். நண்பரின் மகள் தமிழ் பேசுகிறாள், எழுதத் தெரியாது. அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

வாங்கியே தீருவது என்றிருப்பவர்கள் வீட்டின் விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் கட்டிய ஆண்டு. 1981 ஜூனில் நிலநடுக்க விதிகள் கடுமையாயின. அதற்கு முன் கட்டியது என்றால் வலுப்படுத்தும் செலவு தனி. அடுத்தது கழிவுநீர். பல கிராமங்களில் பாதாளச் சாக்கடை இல்லை. ஜோகாசோ என்ற சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிறதா அல்லது வண்டி வந்து அள்ளும் பழைய குழியா என்று கேளுங்கள். தொட்டி என்றால் ஆண்டுதோறும் சோதனையும் தூர்வாரலும் உண்டு. தரைக்கடியில் கரையான். கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு கடினமாகிவிட்டது. வீட்டோடு வயல் சேர்ந்திருந்தால் விவசாயக் குழுவின் அனுமதி இல்லாமல் அந்த வயல் உங்கள் பெயருக்கு வராது.

எல்லாவற்றுக்கும் மேல் பத்திரம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்க, பேரப்பிள்ளைகள் நாற்பது பேர் நாலா பக்கமும் சிதறிப்போன நிலத்தை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அந்தச் சிக்கல் நாட்டளவு பெரியது. 2016 நிலவரப்படி யாருடையது என்று தெரியாத நிலம் சுமார் 41 லட்சம் ஹெக்டேர் என்று ஒரு வல்லுநர் குழு மதிப்பிட்டது. கியூஷு தீவைவிடப் பெரிய பரப்பு. அதனால்தான் 2024 ஏப்ரலிலிருந்து வாரிசுப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். சொத்து தனக்கு வந்தது என்று தெரிந்த 3 ஆண்டுக்குள் பதியாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். 2026 ஏப்ரலிலிருந்து சொத்துக்காரர் முகவரி மாறினாலும் 2 ஆண்டுக்குள் பத்திரத்தில் மாற்றவேண்டும். வீடு வாங்கிவிட்டு வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போகிறவருக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் இருந்தபடி சொத்துவரி கட்ட, ஜப்பானில் ஒருவரை வரிப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வீடு மாறிக்கொண்டே இருப்பது குறையில்லை. வேலையும் விசாவும் மாறும் காலத்தில் வாடகை வீடுதான் பாதுகாப்பு. தேவையில்லாமல் மாறுவதை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். கிராமத்துக்குப் போவது அதைவிட உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. அது வேறொரு வேலை. ஞாயிற்றுக்கிழமை புல்லறுக்க நேரமும் மனமும் இருப்பவர்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி மனம் இருந்தால் எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். பல ஊராட்சிகள் சோதனைக்குடி வீடு என்று சில நாள் முதல் சில மாதம் வரை குறைந்த வாடகைக்கு வீடு தருகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் அதில் தங்கிப் பாருங்கள். வசந்தத்தில் செர்ரிப் பூ பூத்திருக்கும்போது போய் முடிவு செய்யாதீர்கள். ஊர்ச்சங்கத் தலைவரைப் பார்த்து, புதிதாக வருகிறவர் என்னென்ன செய்யவேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, நமக்குப் பிறகு இந்த வீடு யாருக்கு, அவர்கள் எந்த நாட்டில் இருப்பார்கள், அவர்களுக்கு இது வேண்டுமா என்று பேசுங்கள். அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் காலி வீடுகளோடு உங்களுடையதும் ஒன்றாகச் சேராமல் இருக்க, பணம் கட்டுவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.